பழைய பஞ்சாலையும் என் பிள்ளைகளும்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் கூடுகை விழாவில் ஆற்றிய உரை. மலருக்காகச் சிறிது விரித்து எழுதப்பட்டது.)



செயலாளர் அண்ணன் போன மாதம் போன் பண்ணினார். "ஏம்ப்பா, நீ இங்கிலாந்துல ரெண்டு வருஷம் இருந்தியாமே? பயணக் கதை மாதிரி ஏதாவது இருபது நிமிஷம் பேசிடு. சாப்பாட்டுக்கு முன்னால, கொஞ்சம் லேசா இருக்கட்டும்" என்றார். லேசாகத்தான் ஆரம்பிக்கிறேன் அண்ணா. முடிவு வரைக்கும் லேசாக இருக்கும் என்று மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது.

முதலில் நம் வொர்க்ஷாப்பை ஞாபகப்படுத்திக்கொள்வோம். முதலாம் ஆண்டு. காக்கிச் சட்டை. கையில் அரம். ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து, "சதுரமா ராவுங்கப்பா" என்பார்கள். இரண்டு நாள் ராவிக் கொண்டுபோய்க் கொடுத்தால், மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்தச் சந்துல பஸ்ஸே போகும், போ, மறுபடி ராவு" என்பார் ஒருவர். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கு இடது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் அந்தக் கையைத் தூக்கிக் காட்டுவார். "இதுதாண்டா முதல் பாடம். மெஷினுக்கு உன்னைத் தெரியாது" என்பார். அதோடு வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

நாம் என்ன செய்தோம்? அவருக்கு 'நாலரை' என்று பேர் வைத்தோம். சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தவன்தான். சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விஷயமே அந்தப் பேர்தான். ஆனால் நான்கு வருடத்தில் ஒரு பையன்கூட, ஒரு பெண்கூட, "அய்யா, இந்த விரல் எப்படிப் போச்சு?" என்று கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. நான் கேட்கவில்லை. இதை இங்கே நிறுத்திவைக்கிறேன். பின்னால் திரும்ப வருவேன்.

எங்கள் குடும்பம் கோவைப் பக்கம். தாத்தா காலத்தில் மில் சங்கு ஊதினால்தான் வீட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்வார்கள். 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் பஞ்சாலை தொடங்கியது, 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபிறகு ஆலைகள் மளமளவென்று பெருகியது, ஊருக்குத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பேர் வந்தது என்பதெல்லாம் எங்கள் வீட்டில் குடும்பக் கதை மாதிரி. அதனால் கம்பெனி என்னை நிஜமான மான்செஸ்டருக்கே அனுப்பியபோது, பெரியப்பா வீட்டுக்குப் போகிற மாதிரி ஒரு சந்தோஷத்தோடு போனேன். மனைவி, பத்து வயது மகள், ஆறு வயது மகன் எல்லோரும் வந்தார்கள்.

போய்ப் பார்த்தால் மான்செஸ்டரில் மில் ஓடவில்லை. பழைய ஆலைக் கட்டடங்களில் ஆபீஸ், குடியிருப்பு, காபிக் கடை. மகள் கேட்டாள்: "அப்பா, மான்செஸ்டர்னு சொன்னீங்க, மில் எங்கப்பா?" கூட வேலை செய்த ஒருவர்தான் வழி சொன்னார். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டைல் என்று ஒரு சின்னக் கிராமம், அங்கே குவாரி பேங்க் என்ற பழைய பஞ்சாலையை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள் என்றார். ஒரு சனிக்கிழமை புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

இடத்தைச் சொல்லவேண்டும். பச்சைப் பள்ளத்தாக்கு. நடுவில் போலின் என்று ஒரு ஆறு. ஆறு என்கிறார்கள், நம் ஊர்க் கணக்கில் பெரிய வாய்க்கால். அதன் கரையில் செங்கல்லில் மாடி மாடியாக ஒரு கட்டடம், வரிசை வரிசையாக ஜன்னல். தலைக்கு மேலே விமானம் போகும்போது மட்டும்தான் இது எந்தக் காலம் என்று நினைவு வரும். 1784-ல் சாமுவேல் கிரெக் என்பவர் கட்டிய ஆலை. 1939-ல் அவர் வம்சத்தில் வந்தவர் இதை நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். அதன்பிறகும் 1959 வரை அங்கே நெசவு ஓடியிருக்கிறது.

எஞ்சினியர்கள் கூட்டம் இது. அதனால் ஐந்து நிமிடம் மெஷின் பற்றிப் பேசாமல் விடமாட்டேன்.

அந்த ஆலைக்கு உயிர் தண்ணீர்தான். ஆற்றைத் தடுத்து, நீரை வாய்க்கால் வழியே கொண்டுவந்து, கட்டடத்துக்கு அடியில் ஒரு பெரிய சக்கரத்தின்மேல் விழவைத்தார்கள். 32 அடி விட்டமுள்ள இரும்புச் சக்கரம், சுமார் 100 குதிரைத்திறன். அதிலிருந்து பல்சக்கரங்கள், செங்குத்துத் தண்டு, ஒவ்வொரு மாடியிலும் கூரையோரம் ஓடும் நீளத் தண்டு, அதிலிருந்து தோல் பெல்ட், பெல்ட்டிலிருந்து மெஷின். அந்தச் சக்கரம் இப்போது இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டர்பைன் வந்ததும் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இன்று அங்கே பார்ப்பது வில்லியம் ஃபேர்பேர்ன் வடிவமைத்த இன்னொரு சக்கரம், யார்க்‌ஷயரில் ஒரு பழைய ஆலையிலிருந்து கொண்டுவந்து பொருத்தியது. அதன் முன்னால் நின்றபோது எனக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. பிள்ளைகளிடம் பவர், டார்க், கியர் விகிதம் என்று கிளாஸ் எடுத்தேன். என் மனைவி, "அவங்களுக்குப் பரீட்சை எதுவும் இல்லீங்க" என்றாள்.

அடுத்து ஸ்பின்னிங் மியூல். 1779-ல் சாமுவேல் கிராம்ப்டன் கண்டுபிடித்தது. நூற்றுக்கணக்கான கதிர்களைத் தாங்கிய வண்டி ஒன்று தண்டவாளத்தில் ஏறக்குறைய ஐந்து அடி முன்னால் வரும். வரும்போதே பஞ்சை இழுத்து முறுக்கும். திரும்பிப் போகும்போது நூலைச் சுற்றிக்கொள்ளும். வருவதும் போவதும் கடல் அலை மாதிரி. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். நம் ரிங் ஃபிரேமுக்கு மூத்த அண்ணன் இது.

தறிக் கூடத்தில் இரண்டு மூன்று தறிகளை மட்டும் ஓடவிட்டுக் காட்டினார்கள். அதற்கே பிள்ளைகள் இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். "கூடம் முழுக்க ஓடினால் எப்படி இருந்திருக்கும்? அதனால்தான் தறிக்காரப் பெண்கள் உதட்டசைவை வைத்தே பேசிக்கொண்டார்கள்" என்றார் அங்கிருந்த வழிகாட்டி அம்மா. பலருக்கு வயதாவதற்குள் காது போய்விடும்.

இதுவரை பயணக் கதை. இனிமேல்தான் விஷயம்.

அந்த வழிகாட்டி அம்மா மியூலை நிறுத்திவிட்டு, வந்திருந்த பிள்ளைகளைச் சுற்றிலும் கூப்பிட்டார். "உங்களில் யார் ரொம்பச் சின்னவர்?" என்றார். என் மகன் உடனே கையைத் தூக்கிவிட்டான். வண்டி முன்னால் வந்து நிற்கும்போது, அதன் அடியில் நூலுக்குக் கீழே ஒரு சந்து இருக்கும். அதைக் காட்டி, "வண்டி திரும்பிப் போவதற்குள் இதற்குள்ளே ஊர்ந்து போய்க் கீழே கிடக்கும் பஞ்சைப் பெருக்கிக்கொண்டு வெளியே வந்துவிடவேண்டும். உன்னால் முடியுமா?" என்றார். அவன் சந்தோஷமாகத் தலையாட்டினான். "மெஷின் நிற்காது. ஓடிக்கொண்டேதான் இருக்கும்" என்றார். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு என் காலைப் பிடித்துக்கொண்டான்.

அங்கே பிள்ளைகள் வேலை செய்தார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். புத்தகத்தில் படித்தது. ஆனால் அந்தச் சந்தையும் என் பையனின் தோளையும் ஒரே பார்வையில் பார்த்தபோதுதான் அளவு புரிந்தது.

ஆலையிலிருந்து கொஞ்ச தூரத்தில் 1790-ல் கட்டிய ஒரு வீடு இருக்கிறது. பயிற்சிப் பிள்ளைகளின் விடுதி. ஏன் விடுதி தேவைப்பட்டது? இதுவும் ஒருவகையில் எஞ்சினியரிங் கணக்குத்தான். தண்ணீர் விழும் இடத்தில்தான் சக்தி கிடைக்கும். ஆனால் அந்த இடத்தில் ஆள் கிடையாது. ஆகவே ஊர் ஊராக இருந்த ஏழைகள் விடுதிகளிலிருந்து அனாதைப் பிள்ளைகளையும், அப்பா அம்மாவால் வளர்க்கமுடியாத பிள்ளைகளையும் ஒப்பந்தம் எழுதிக் கொண்டுவந்தார்கள். ஒரு காலத்தில் ஏறக்குறைய 90 பேர் அந்த வீட்டில் இருந்திருக்கிறார்கள். கட்டிலுக்கு இரண்டு பேர். ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலை. கூலி கிடையாது, சோறும் துணியும் படுக்கையும்தான். கூடுதல் நேரம் உழைத்தால் சில்லறைக் காசு. மாடியில் வைக்கோல் மெத்தையைத் தொட்டுப் பார்த்த மகள், "குத்துதுப்பா" என்றாள். கீழே ஒரு பானையில் கஞ்சி மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். பையனுக்குக் கவலையெல்லாம், "தொட்டுக்க ஒண்ணுமே இல்லையாப்பா?" என்பதுதான்.

அங்கேதான் இரண்டு பையன்களின் கதையைச் சொன்னார்கள். ஜோசப் செஃப்டன், வயது 17. தாமஸ் பிரீஸ்ட்லி, வயது 13. இருவரும் லண்டன் ஹாக்னியிலிருந்து வந்தவர்கள். தாமஸின் இடது கை ஆள்காட்டி விரலை மெஷினின் சக்கரம் ஒன்று பிய்த்துவிட்டது. ஆலை டாக்டர் வைத்தியம் பார்த்தார். புண் ஆறிக்கொண்டிருந்தபோது அவனுக்கு அம்மாவைப் பார்க்கவேண்டும் போல இருந்தது. இருவரும் ஓடிப்போனார்கள். ஏறக்குறைய 300 கிலோமீட்டர். பிறகு பிடிபட்டு, 1806-ல் மிடில்செக்ஸ் நீதிபதிகள் முன் வாக்குமூலம் கொடுத்தார்கள். அந்த வாக்குமூலம் இன்றைக்கும் இருக்கிறது. அதனால்தான் இருநூறு வருடம் கழித்து ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு அந்தப் பையனின் பேர், வயது, எந்தக் கை, எந்த விரல் என்பது வரைக்கும் தெரிகிறது.

இடது கை ஆள்காட்டி விரல் என்றதும் எனக்கு நம் வொர்க்ஷாப் ஞாபகம்தான் வந்தது.

மகள் கேட்டாள்: "அப்பா, அந்த முதலாளி நல்லவரா, கெட்டவரா?"

சுலபமாகப் பதில் சொல்லமுடியவில்லை. கிரெக் குடும்பம் அந்தக் காலத்து ஆலை முதலாளிகளில் நல்ல பேர் எடுத்தவர்கள். பிள்ளைகளுக்கு டாக்டர் வைத்தார்கள். பள்ளிக்கூடம் வைத்தார்கள். சாமுவேலின் மனைவி ஹன்னா பிள்ளைகளின் படிப்பிலும் உடல்நலத்திலும் அக்கறை எடுத்துக்கொண்டவர். தொழிலாளர்களுக்கு ஒரு கிராமமே கட்டினார்கள். அதே குடும்பத்துக்குக் கரீபியன் கடலில் டொமினிக்கா தீவில் அடிமைகள் உழைத்த தோட்டமும் இருந்தது. அடிமைமுறை ஒழிந்தபோது நஷ்டஈடு கிடைத்தது உடமைக்காரர்களுக்கு, உழைத்தவர்களுக்கு அல்ல. சாமுவேலின் மகன் ராபர்ட் 1837-ல் புத்தகமே எழுதி, வேலை நேரத்தைச் சட்டம் போட்டுக் குறைக்கக் கூடாது என்று வாதாடினார். இவற்றையெல்லாம் அந்த மியூசியத்துக்காரர்கள் மறைக்கவில்லை என்பதை மரியாதையோடு சொல்கிறேன்.

"நல்லவர்தான்மா. ஆனா மெஷினை நிறுத்தமாட்டார்" என்றேன்.

மெஷினை நிறுத்தவைத்தது கடைசியில் சட்டம்தான். 1833-ல் ஒன்பது வயதுக்குக் கீழே ஜவுளி ஆலையில் வைக்கக் கூடாது என்றார்கள், இன்ஸ்பெக்டர்களை நியமித்தார்கள். 1844-ல்தான் ஆபத்தான பாகங்களுக்கு வேலி போடவேண்டும், ஓடும் இயக்கப் பாகங்களைச் சிறுவர்கள் துடைக்கக் கூடாது என்று வந்தது. தாமஸின் விரல் போன வழக்குக்கும் அந்தச் சட்டத்துக்கும் நடுவில் 38 வருடம். நம் நாட்டில் 1881-ல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுப் பிள்ளையை ஒரு நாளைக்கு 9 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் கொடுத்தது. அதிலிருந்து நகர்ந்து நகர்ந்துதான், நாமெல்லாம் கடைசி வருடத்தில் உருப்போட்டு எழுதிய 1948 சட்டத்துக்கு வந்தோம். பிரிவு 21, மெஷின்களுக்குக் காப்பு. எனக்கு அந்தப் பேப்பரில் 82 மார்க்.

மதியம் ஆற்றங்கரையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். பையன் வாத்துக்குச் சோறு போட முயற்சி பண்ணிக்கொண்டிருந்தான். மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்க முதல்ல மில்லுலதானே வேலை பார்த்தீங்க? உங்க மில்லுல யாருக்காவது விரல் போச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பத்து வயதுப் பெண், நம்பியிருப்பாள். நான் இத்தனை வருடமாக என் மனைவியிடம்கூடச் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கு உங்களிடமும் சொல்கிறேன்.

இங்கிருந்து வெளியே போனதும் ஒரு நூற்பாலையில் பராமரிப்பு எஞ்சினியராகச் சேர்ந்தேன். 2011-ல் நடந்தது. ட்ராயிங் மெஷின் தெரியும் அல்லவா? கார்டிங்கிலிருந்து வரும் பஞ்சுப் பட்டைகள் ஆறு எட்டைச் சேர்த்து, உருளைகளுக்கு நடுவே இழுத்து ஒன்றாக்குவது. சில சமயம் பஞ்சு உருளையில் சுற்றிக்கொள்ளும். மேல்மூடியைத் திறந்து அதை எடுக்கவேண்டும். மூடியைத் திறந்தால் மெஷின் நின்றுவிடும்படி ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். ஒரு மெஷினில் அந்த ஸ்விட்ச் பழுது. மூடி மூடியிருக்கும்போதே திறந்திருக்கிறது என்று நினைத்து மெஷினை நிறுத்திக்கொண்டே இருந்தது. புது ஸ்விட்ச் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள் ஸ்டோரில். ஏற்றுமதி ஆர்டர் அவசரம். மேலே இருந்து மணிக்கொரு போன்.

எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் சொன்னேன்: "பேனல்ல டைரக்ட் பண்ணிடுங்கண்ணா. புதுசு வந்ததும் மாத்திக்கலாம்."

அவர் கேட்டார்: "சார், லாக் புக்குல எழுதிடலாங்களா? மூணு ஷிப்ட்டுக்கும் சொல்லிடலாங்களா?"

"ஒரு வாரந்தானே, எதுக்குண்ணா" என்றேன்.

ஆறாம் நாள் ராத்திரி ஷிப்ட். விடுதியில் தங்கி வேலை பார்த்த ஒரு பெண், பத்தொன்பது வயது. வலது கை மோதிர விரல், முதல் கணு. நான் போய்ச் சேர்ந்தபோது அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காலை ஐந்து மணிக்கு அந்த டைரக்ட் ஒயரை நானே என் கையால் கழற்றினேன். விசாரணை நடந்தபோது மெஷின் மூடியைத் திறந்தால் அழகாக நின்றது. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதி நீட்டினார்கள். பராமரிப்புப் பொறியாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எட்டு மாதம் கழித்து வேறு வேலை கிடைத்துப் போய்விட்டேன்.

இதைக் கேட்டு மகள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த அக்கா பேர் என்னப்பா?"

எனக்குத் தெரியவில்லை. டோக்கன் நம்பர் ஞாபகம் இருந்தது. அந்த ரிப்போர்ட்டில் டோக்கன் நம்பர்தான் பெரிதாக இருக்கும். 1806-ல் விரல் போன ஒரு பையனின் பேர் எனக்கு அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. என்னால் விரல் போன பெண்ணின் பேர் தெரியவில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் ஊர் திரும்பியதும் அந்த மில்லைத் தேடிப் போனேன். மூடிவிட்டார்கள். மெஷினெல்லாம் எடைக்குப் போய்விட்டது. அந்த எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கண்டுபிடித்தேன். ரிட்டயர் ஆகிப் பேரனோடு விளையாடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பேர் தெரிந்திருந்தது. ஊர் தெரிந்திருந்தது. அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கே போய்வந்திருக்கிறார். போன் நம்பரும் கொடுத்தார்.

நம்பரை வைத்துக்கொண்டு மூன்று நாள் சும்மா இருந்தேன். நான்காம் நாள் பேசினேன். யார் என்று சொன்னேன், எதற்குப் பேசுகிறேன் என்று சொன்னேன், ஸ்விட்ச் விஷயத்தைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. அவர் திட்டவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. சொன்னது இதுதான்:

"மூடியைத் திறந்தா மெஷின் நிக்கும்னுதான் சார் எங்களுக்கு ட்ரெய்னிங்ல சொல்லிக் கொடுத்தாங்க. அதனாலதான் கை வெச்சேன். அன்னைக்கே யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல."

என் வாழ்க்கையில் நான் படித்த எஞ்சினியரிங் பாடங்களில் இதுதான் பெரிது. வேலியே இல்லாத மெஷினைக் கண்டால் மனிதன் பயந்து ஒதுங்குவான். வேலி இருப்பதுபோல் தோன்றும் மெஷினை நம்பிக் கை வைப்பான். அந்தப் பெண் கவனக்குறைவாக இல்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்தார். ஓடும் மெஷினுக்குள் கை போகக் காரணம் அவர் பயிற்சியும் என் டைரக்ட் ஒயரும்.

அவர் பேரை இந்த மேடையில் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் எனக்கு இப்போது தெரியும். என் மகளுக்கும் தெரியும்.

இப்போது நான் பேக்கிங் மெஷின்கள் வடிவமைக்கிறேன். எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் கொண்டுவந்திருக்கிறேன். எந்தப் பாதுகாப்பு ஸ்விட்சையும் எழுத்தில் இல்லாமல் யாரும் டைரக்ட் செய்யக் கூடாது. எழுதினால் போதாது, அந்த மெஷினில் நிற்கும் ஆளுக்கு நேரில் சொல்லிக் கையெழுத்து வாங்கவேண்டும். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் மெஷின் நிற்கும். இன்னொன்று, ஆள் ஏன் டைரக்ட் செய்கிறான் என்று பார்க்கிறோம். மெஷின் தேவையில்லாமல் அடிக்கடி நின்றால்தான் செய்கிறான். ஐஎஸ்ஓ 14119 என்ற தரவிதியே இதைச் சொல்கிறது: பாதுகாப்பை ஏமாற்றத் தூண்டும் காரணத்தை வடிவமைப்பிலேயே எடுத்துவிடு என்று. இளைய எஞ்சினியர்கள் யாராவது இங்கே இருந்தால், தயவுசெய்து அதை ஒருமுறை படியுங்கள்.

அண்ணன்மார்களே, அக்காமார்களே, இரண்டே வேண்டுகோளோடு முடிக்கிறேன்.

ஒன்று. உங்களில் பலர் வெளிநாட்டில் இருக்கிறீர்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பக்கம் இருப்பவர்கள் லோவெல் நகரத்தின் பூட் மில்லுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். ஜப்பானில் இருப்பவர்கள் 1872-ல் தொடங்கிய டோமியோகா பட்டு ஆலைக்குப் போங்கள். இங்கிலாந்தில் இருந்தால் குவாரி பேங்க். சக்கரத்தைக் காட்டுங்கள், கியர் விகிதமும் சொல்லிக்கொடுங்கள், தப்பில்லை. அதோடு அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவர் யார், அவர் கை எங்கே போகவேண்டியிருந்தது என்றும் கேளுங்கள். அதைப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகக் கேட்பார்கள்.

இரண்டு. நம் வொர்க்ஷாப் பின்கட்டில் கிடக்கும் பழைய பெல்ட் லேத்தைப் பெயிண்ட் அடித்து, புதுக் கட்டடத்தின் முன்னால் நினைவுச் சின்னமாக வைக்கலாம் என்று சங்கம் யோசிப்பதாகக் கேள்விப்பட்டேன். ரொம்ப நல்ல யோசனை. என் பங்குக்குச் செலவில் கலந்துகொள்கிறேன். ஆனால் அதன் பலகையில் மெஷின் செய்தவர் பேர், வருடம் என்று மட்டும் எழுதி நிறுத்திவிடவேண்டாம். பெல்ட்டுக்குக் காப்பு இல்லை என்பதையும் எழுதுவோம், கை எங்கே மாட்டும் என்பதையும் எழுதுவோம். நம்மை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் திருப்பி அனுப்பிய அந்த அய்யாவின் முழுப் பேரையும் எழுதுவோம். அவர் இன்று நம்மோடு இல்லை. அவர் வீட்டாரிடம் போய், அந்த விரல் எப்படிப் போனது என்று கேட்போம். அவர்கள் சம்மதித்தால் அதையும் எழுதுவோம். வருடா வருடம் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு அந்த லேத்துக்கு முன்னால்தான் முதல் வகுப்பு நடக்கட்டும். 'நாலரை' என்ற பேரை நம்மோடு நிறுத்திக்கொள்வோம்.

இன்று காலை கிளம்பும்போது மகள் கேட்டாள்: "மேடையில என்னப்பா பேசப்போறீங்க?"

"அந்த மில் பார்த்தோமே, அதைப்பத்தித்தான்."

"அந்த அக்கா கதையும் சொல்வீங்களா?"

"பார்க்கலாம்மா" என்றேன்.

"பார்க்கலாம் இல்லப்பா, சொல்லுங்க" என்றாள்.

சொல்லிவிட்டேன். செயலாளர் அண்ணா, லேசாக இல்லாமல் போனதற்கு மன்னிக்கவேண்டும்.